பிரேக் மாற்றியதும் ஸ்டீயரிங் உதறுகிறதா? டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்

பிரேக் பேட், அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க் எல்லாம் புதிதாகப் போட்டு வண்டியை வெளியே எடுக்கிறீர்கள், வேலைக்கு முன்னால் இல்லாத ஓர் உதறல் இப்போது ஸ்டீயரிங்கில் தெரிகிறது. உடனே எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "டிஸ்க் பெண்டு," அதாவது வளைந்துவிட்டது. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பல நேரம் அது அவசரத் தீர்ப்பு. அதை நம்பி இன்னொரு ஜோடி டிஸ்க் வாங்கிப் போட்டால் அந்த ஜோடியும் கொஞ்ச நாளில் இதேபோல உதறத் தொடங்கும், ஏனென்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லாமல் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

ஸ்பேனரே பிடித்துப் பழகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்களே கழற்றிப் பார்க்கப் போவதில்லை என்றாலும், உதறல் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதைச் சரியாகக் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக் கோளாறைத் தேடும் வேலை பாதியாகக் குறையும். "வண்டி உதறுது" என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்தால் அவர் டிஸ்க்கைத்தான் பார்ப்பார். பாவம், அவருக்கும் வேறு துப்பு இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளைச் சோதியுங்கள். பிரேக் வேலை என்றால் சக்கரம் கழன்று மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நட்டு சரியாக இறுகவில்லை என்றால் அதுவும் உதறலாகத்தான் முதலில் தெரியும். கிலோமீட்டர் கூடக்கூட உதறல் வளர்கிறது, கூடவே 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்றால் இந்தக் கட்டுரையைக்கூட அப்புறம் படிக்கலாம், வண்டியை உடனே நிறுத்துங்கள். சக்கரமே கழன்று போகும் அளவுக்கு ஆபத்தான காரணம் இது, சோதிக்க ஆகும் நேரமும் இதற்குத்தான் மிகக் குறைவு.

சரி, நட்டுகள் நன்றாக இருக்கின்றன. இனி ஓட்டிப் பார்க்கலாம்.

எப்போது உதறுகிறது?

ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமமான, காய்ந்த சாலை வேண்டும். முதலில் பிரேக்கைத் தொடாமல் 40, 60, 80, சாலையும் சட்டமும் அனுமதித்தால் 100 என்று வேகத்தை ஏற்றி ஒவ்வொரு வேகத்திலும் சற்று நேரம் பிடித்து ஓட்டுங்கள். அடுத்து, உதறல் வரும் வேகத்துக்கு மேலிருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை அப்படியே விடுங்கள். மூன்றாவதாக, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 80-லிருந்து 30 வரை மிதமாகப் பிரேக் அழுத்துங்கள். இந்த மூன்று நிலைகளில் எதில் உதறுகிறது என்பதுதான் முழுக் கதையும்.

பிரேக்கைத் தொடாமலேயே, ஏறக்குறைய 80 முதல் 110 வரையான வேகத்தில் உதறி, அதற்குக் கீழே அடங்கிப் போகிறதா? அப்படியானால் பிரேக்கை மறந்துவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் அது என்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம், குறிப்பாக உள்பக்க ஜாயின்ட் பக்கம் கைகாட்டுகிறது. பிரேக் அழுத்தினால் மட்டும், அதுவும் வேகம் குறையக் குறைய உதறலின் தாளமும் மெதுவாகிக்கொண்டே வந்தால், பிரேக்தான். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ எங்கோ பிடிபட்டு விடுபடுகிறது என்பதைத்தான் அந்தத் தாளம் சொல்கிறது.

எங்கே தெரிகிறது என்பதும் முக்கியம். கையில், அதாவது ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையிலும் முதுகிலும் தெரிந்தால் பின்சக்கரம். பெடலில் மட்டும் துடிப்பாகத் தெரிந்தால் முன்னாலும் இருக்கலாம், பின்னால் இருக்கும் டிரம் (சில வண்டிகளில் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் கிண்ணம் போன்ற பிரேக் பாகம்) வட்டம் மாறிப் போனதாலும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு: காலி இடத்தில் 40 கி.மீ. வேகத்தில், லிவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள். பல கார்களில் அது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் என்பதால், அப்போதும் அதே உதறல் வந்தால் முன்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம். லிவரே இல்லாமல், பட்டனை அழுத்தினால் வேலை செய்யும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் இதைச் செய்யாதீர்கள். பின்பக்க டிஸ்க்குக்கு உள்ளேயே தனியாகச் சின்ன டிரம் வைத்து ஹேண்ட் பிரேக் கொடுத்திருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனை டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக்கைத் தொடாமலே உதறினால்

பிரேக் வேலை செய்த அன்றே பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, கெட்டுப் போவது தற்செயல் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, உருட்டி, சுவரில் சாய்த்து, மறுபடி மாட்டும்போது ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன எடை விழுந்திருக்கலாம். 20 கிராம் எடைதானே என்று தோன்றும். சாதாரண 15 அங்குல ரிம்மில், 100 கி.மீ. வேகத்தில், சக்கரம் ஒரு நொடிக்குப் பதினான்கு பதினைந்து முறை சுற்றுகிறது. அந்த 20 கிராம் இல்லாமல் போனதால் வரும் வெளிநோக்கிய விசை சுமார் 3 கிலோ எடைக்குச் சமம், அது நொடிக்குப் பதினான்கு முறை மேலும் கீழும் இழுக்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதனால்தான் 50-ல் ஒன்றுமே தெரியாத வண்டி 100-ல் கையை உதறுகிறது.

இன்னொரு காரணம், நான்கு சக்கரமும் கழன்று தரையில் கிடந்தபோது இடம் மாறிப் போவது. பின்னால் இருந்த ஒரு சக்கரத்தின் ரிம் ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து லேசாக வளைந்திருக்கும், பின்னால் இருந்தவரை உங்களுக்குத் தெரியாது, முன்னால் வந்ததும் ஸ்டீயரிங்குக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும். முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தால் உதறல் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் உள்ள வண்டியில்தான் இதைச் செய்ய முடியும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வாங்கிப் போட்ட அலாய் வீல் உள்ளவர்கள் ஒரு சின்ன வளையத்தைத் தேட வேண்டும். ரிம்மின் நடு ஓட்டை, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகமான ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் ஒன்று வைத்திருப்பார்கள். சக்கரம் கழற்றும்போது அது ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வரும், அல்லது உருண்டு எங்காவது போகும். அது இல்லாமல் மாட்டினால் சக்கரம் சரியாக நடுவில் உட்காராது. பேலன்சிங் மெஷினில் எல்லாம் சரி என்று காட்டும், வண்டியில் மாட்டினால் உதறும். இப்படி மெஷினுக்கும் வண்டிக்கும் சண்டை வந்தால் முதலில் அந்த வளையத்தைக் கேளுங்கள்.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் அனுப்பி வைப்பார்கள். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒரு ஓரமாகத் தேய்வதற்கும் அலைன்மென்ட் காரணமாக இருக்கலாம், இந்த மாதிரி தாளத்தோடு வரும் உதறலுக்கு அது காரணம் ஆவது அரிது.

பிரேக் அழுத்தினால் மட்டும் உதறினால்

பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பேட்கள் கவ்வுகின்றன, பேட்களை அழுத்துவது காலிப்பர். பெரும்பாலான கார்களில் இந்தக் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகரக்கூடியது. இப்போது டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது அதன் விளிம்பு இடமும் வலமுமாக ஆடும். நீங்கள் பிரேக் அழுத்தினால் காலிப்பரும் கூடவே ஆடிக் கொடுத்துவிடும், அதனால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. வண்டி நன்றாக இருக்கிறது என்று நீங்களும் நினைப்பீர்கள், வேலை செய்தவரும் நினைப்பார்.

கதை நடப்பது நீங்கள் பிரேக் அழுத்தாதபோது. ஆடும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாக உரசிவிட்டுப் போகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் போனபின் அந்த இடம் மற்ற இடத்தைவிடத் தேய்ந்து மெலிந்துவிடும், அல்லது பேட்டின் பொருள் சில இடத்தில் அதிகமாகப் படிந்து தடித்துவிடும். இப்போது டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. இதன் பிறகு பிரேக் அழுத்தினால், தடித்த இடம் பேட்களுக்கு நடுவே வரும்போது பிடி கூடுகிறது, மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. கூடிக் குறையும் இந்தப் பிடி சக்கரத்தை முன்னும் பின்னும் இழுக்க, அது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வழியாக ஏறி உங்கள் கைக்கு வந்து சேர்கிறது. இடது வலது இரண்டு டிஸ்க்கிலும் இது இருந்தால், வளைவில் ஒரு சக்கரம் அதிகமாகச் சுற்றும்போது இரண்டின் தாளமும் விலகிச் சேரும். அதனால்தான் சில நாள் அதிகமாகவும் சில நாள் குறைவாகவும் உதறுவது போல இருக்கும்.

எவ்வளவு சின்ன அளவு என்பதுதான் ஆச்சரியம். தடிமனில் 0.01 முதல் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே பல வண்டிகளில் கையில் தெரியும். மாட்டிய பிறகு டிஸ்க்கின் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு, சில வண்டிகளுக்கு 0.1 வரை அனுமதி உண்டு. ஒரு தலைமுடியே ஏறக்குறைய 0.07 மி.மீ. இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கும் "வளைஞ்சிருக்கு" என்று சொல்வதற்கும் ஒரே மதிப்புதான்.

அப்படியானால் புது டிஸ்க் ஏன் சாய்ந்து உட்காருகிறது? முதல் குற்றவாளி துரு. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றியும் ஓரத்திலும் செதில் செதிலாகத் துரு இருக்கும். அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து இறுக்கினால் அந்தச் செதில் அடியில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைத் தூக்கும். ஹப் முகம் 140 மி.மீ. விட்டம், டிஸ்க் 260 மி.மீ. விட்டம் என்றால், ஹப்பின் ஓரத்தில் இருக்கும் 0.05 மி.மீ. செதில் டிஸ்க்கின் விளிம்பில் 0.09 மி.மீ. ஆட்டமாக வளர்ந்து நிற்கும். கம்பி பிரஷ்ஷும் எமரி பேப்பரும் வைத்து ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் செலவழித்தால் தீர்ந்துபோகிற விஷயம். செய்யாமல் விடப்படுவதும் இதுதான், ஏனென்றால் மாட்டி முடித்தபின் யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், பிரேக் வேலைக்கு விடும்போது "ஹப் முகத்தைச் சுத்தம் பண்ணுவீங்களா?" என்ற ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, நட்டு இறுக்கும் முறை. நட்டு இறுக்கும் மெஷினான இம்பேக்ட் கன்னை வைத்து ஒரு நட்டை முழுமூச்சாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், டிஸ்க்கும் சக்கரமும் ஒரு பக்கமாகக் கவ்வப்பட்டு ஹப்போடு சேர்த்து லேசாக நெளியும். எதிரெதிராக, நட்சத்திர வடிவில், இரண்டு மூன்று சுற்றாக, கடைசியில் டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து இறுக்க வேண்டும். சாதாரண கார்கள் பலவற்றுக்கு இது 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஒரு காசு செலவில்லாமல் சோதிக்கக்கூடிய காரணமும் இதுவே: நட்டுகளைத் தளர்த்தி, வரிசைப்படி சரியான அளவில் மறுபடி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். வேலை முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் பேட் இன்னும் டிஸ்க்கைத் தேய்த்திருக்காது, இதோடே உதறல் போய்விடவும் வாய்ப்பு உண்டு.

டிஸ்க்கை ஹப்போடு பிடித்து வைக்கும் சின்ன ஸ்க்ரூவையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அதன் தலை முழுதாக உள்ளே அமராமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் சமமாக உட்காராது.

அளந்து பார்க்க வேண்டுமானால் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் போதும். சக்கரத்தைக் கழற்றி, வாஷர் வைத்து நட்டுகளால் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடித்து, வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜின் முனையை வைத்து டிஸ்க்கை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று முள் காட்டும். அதிகம் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் இடம் ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். எங்கே மாட்டினாலும் ஆட்டத்தின் உச்சம் ஹப்பின் அதே போல்ட்டுக்கு நேராகவே வருகிறது என்றால் குற்றம் ஹப்பிலோ பேரிங்கிலோ இருக்கிறது. டிஸ்க்கோடு சேர்ந்து உச்சமும் நகர்ந்தால் டிஸ்க்தான். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமனை அளந்தால் மீதிக் கதை தெரிந்துவிடும்.

லேத்தில் கொடுத்து டிஸ்க்கைச் சமப்படுத்தலாமா என்றால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே இருந்தால் செய்யலாம். ஆனால் தனியாகக் கழற்றி லேத்தில் சமப்படுத்திய டிஸ்க்கைத் துரு பிடித்த ஹப்பில் மாட்டினால் பழையபடி சாயத்தான் செய்யும். வண்டியிலேயே வைத்துச் சமப்படுத்தும் மெஷின் இருந்தால் ஹப்பின் சாய்வும் சேர்ந்தே சரியாகும், கிடைத்தால் அதுவே மேல். அளவுக்கு மீறிச் சூடாகி நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் டிஸ்க்கில் மட்டும் இதையெல்லாம் முயல வேண்டாம். அந்த இடங்களில் இரும்பின் அமைப்பே மாறிக் கெட்டியாகியிருக்கும், சமப்படுத்தினாலும் கொஞ்ச நாளில் அந்தத் திட்டுகள் மறுபடி மேடாகும்.

புதுசு பழகும் காலம்

போட்ட முதல் நாளே, பிரேக் அழுத்தினால் மட்டும், மிக லேசாகச் சொரசொரவென்று வரும் அதிர்வு என்றால் பயப்பட வேண்டாம். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதை பிரேக் கிளீனர் வைத்துத் துடைக்காமல் மாட்டியிருந்தால் பேட்டில் எண்ணெய் ஏறிவிடும். பழைய டிஸ்க்கில் புது பேட் மட்டும் போட்டிருந்தால், தேய்ந்த தடத்துக்கு ஏற்ப பேட் படிய நாளாகும்.

பழக்கும் முறை பேட் செய்பவருக்குச் செய்பவர் மாறும், பெட்டியில் எழுதியிருப்பதே முதன்மை. எதுவும் எழுதவில்லை என்றால் 60-லிருந்து 10 வரை, மிதமான அழுத்தத்தில், எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடம் காற்றுப்பட ஓட்டி, முழுதாக நிறுத்தாமல் செய்யலாம். முழுதாக நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் அந்த அச்சு டிஸ்க்கில் படியும், பிறகு அதுவே உதறலாகத் திரும்பி வரும். முதல் 200, 300 கி.மீ. வரை தேவையில்லாமல் அலறப் பிரேக் பிடிக்காதீர்கள். அவசரம் என்றால் பிடித்துத்தான் ஆக வேண்டும், அங்கே டிஸ்க்கைப் பற்றி யோசிக்காதீர்கள்.

கிளம்பும்போது நன்றாக இருந்து, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிய பிறகு உதறத் தொடங்கி, வண்டியும் லேசாக ஒரு பக்கம் இழுத்தால் கதை வேறு. ஒரு பேட் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கலாம், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே திரும்பாமல் இருக்கலாம், பேட் அதன் தாங்கியில் துருவால் சிக்கியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமலும் இருக்கலாம். வண்டியை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெக்கையை மட்டும் உணருங்கள், டிஸ்க்கைத் தொட்டால் தோல் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் ஆள் அங்கேதான். இந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் இருப்பது நல்லது.

பெடலில் மட்டும் படபடவென்று உதைப்பது, அதுவும் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. அது கோளாறு இல்லை. ஆனால் மெதுவாக வந்து நிற்கப் போகும் கடைசி சில அடிகளில், காய்ந்த சாலையில், அந்தப் படபடப்பு வந்தால் வேலை செய்தபோது சக்கர சென்சாரிலோ அதன் வயரிலோ கை பட்டிருக்கிறதா, இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் அளந்தாயிற்று, அளவுகள் சரி, ஆனாலும் உதறுகிறது என்றால் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் இவற்றில் தேய்மானம் இருக்கிறதா என்று வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் உதறலை உண்டாக்குவதில்லை, இருக்கிற சின்ன உதறலைப் பெரிதாக்கித் தருகின்றன. பழைய தேய்ந்த பேட் மெதுவாகப் பிடித்தவரை தெரியாமல் இருந்த தளர்ச்சி, புது பேட்டின் பிடியில் வெளியே வரும்.

மெக்கானிக்கிடம் திரும்பிப் போகும்போது எந்த வேகத்தில் வருகிறது, பிரேக்கோடா பிரேக் இல்லாமலா, கையிலா இருக்கையிலா, கிளம்பியதுமா சூடான பிறகா என்று நான்கையும் சொல்லுங்கள், முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். அவர் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும் என்றால் மாற்றட்டும், ஆனால் டயல் கேஜில் என்ன அளவு வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதை மாட்டிய பிறகும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். 50, 100 கி.மீ. ஓட்டியபின் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.